சால்மன் மீனை வீட்டில் சமைப்பது எப்படி? முதல்முறை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கி, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் விற்கும் செயலியைத் திறந்து 'சால்மன்' என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று நார்வேஜியன் சால்மன். கிலோ பெரும்பாலும் 2,000 ரூபாய்க்கு மேல். இன்னொன்று இந்தியன் சால்மன், விலை அதைவிட வெகு குறைவு. "ரெண்டும் சால்மன்தானே, எதுக்கு அவ்வளவு காசு?" என்று இரண்டாவதை ஆர்டர் செய்கிறார். வந்த பொட்டலத்தைப் பிரித்தால் சமையல் வீடியோக்களில் பார்த்த ஆரஞ்சு நிறத்தைக் காணோம். வெள்ளை வெளேரென்று துண்டுகள். ஏமாத்திட்டாங்க என்று கோபம் வருகிறது.

யாரும் ஏமாற்றவில்லை. அது வேறு மீன், அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி சமைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இந்தியன் சால்மன் உண்மையில் சால்மனா?

இல்லை. சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கப்படுவது நம் ஊர்க் காலா மீன். மும்பையில் இதற்கு ராவஸ் என்று பெயர். பக்கத் துடுப்புக்குக் கீழே நூல் போல நான்கு இழைகள் தொங்கும், அதுதான் அடையாளம். அறிவியல் பெயர் எலூதெரோனெமா டெட்ராடாக்டைலம். சால்மன் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு, முள்ளும் அதிகமில்லை. நல்ல மீன்தான். குழம்புக்கும் வறுவலுக்கும் பிரமாதமாக இருக்கும்.

நார்வேஜியன் சால்மன் என்பது அட்லாண்டிக் சால்மன். குளிர்ந்த நீரில் வாழும் மீன் என்பதால் நம் கடலில் கிடைக்காது. நார்வே, சிலி, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் பண்ணைகளில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த ஆரஞ்சு நிறம் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியால் வருவது. கடலில் திரியும் சால்மனுக்கு அது இறால் வகை உயிரினங்களைத் தின்பதால் கிடைக்கிறது. பண்ணை மீனுக்குத் தீவனத்தில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆகவே நிறம் கூடுதலாக இருந்தால் மீன் உசத்தி என்று அர்த்தமில்லை.

(சால்மன் குடும்பத்து மீன் ஒன்றை நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்கோ மூணாறுக்கோ போக வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் அந்த மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரௌட், சால்மனுக்கு நெருங்கிய சொந்தம்.)

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விழிஞ்ஞம் துறைமுகத்தில் காலையில் வந்திறங்கும் சாளையையும் அயிலையையும் கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்கலாம். சால்மனுக்கு அது முடியாது. தலையும் வாலும் நீக்கி, துண்டு போட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. எனவே மூக்கையும் லேபிளையும்தான் நம்ப வேண்டும். லேபிளில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். பொட்டலத்துக்குள் ஐஸ் படிகங்கள் கட்டி கட்டியாக உறைந்திருந்தால், நடுவில் ஒருமுறை உருகி மறுபடியும் உறைந்திருக்க வாய்ப்பு உண்டு. வேறு பொட்டலம் கேளுங்கள். துண்டைத் தொட்டுப் பார்க்க முடிந்தால் சதை அழுத்திய இடத்தில் திரும்ப எழ வேண்டும். நல்ல சால்மனில் கடல் வாசம் மெலிதாக இருக்கும். புளித்த வாடையோ அமோனியா நெடியோ வந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உறைய வைத்த மீன் என்றால் மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் மீன் விஷயத்தில் அது சரியல்ல. பிடித்த உடனே நன்றாக உறைய வைத்த மீன், பல நாள் ஐஸில் கிடந்த 'ஃபிரெஷ்' மீனைவிட மேலாகவே இருக்கும். கேரளத்தில் மீனைக் குளிரில் வைத்து விற்கும் பழக்கம் வேரூன்றியதில் நார்வேக்கே ஒரு பங்கு உண்டு. 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் இயந்திரப் படகுகளோடு ஐஸ் ஆலையையும் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது நார்வேயிலேயே சால்மன் பண்ணைத் தொழில் பிறந்திருக்கவில்லை. அது 1970 வாக்கில்தான் காலூன்றியது.

உள்ளூர் மீனுக்கும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஜூனில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் நடத்திய சோதனையில், நாகர்கோவில் சாலையில் உள்ள அமரவிளை உள்ளிட்ட சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் சிக்கியது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டைச் சோதனையை உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான் பேசப்பட்டது. கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. உள்ளூர் வரத்து குறைந்து, வெளியிலிருந்து வரும் மீன் பெருகும் இந்தக் காலத்தில் தெரிந்த கடையில் வாங்குவது நல்லது.

சமைப்பதற்கு முன்

உறைந்த துண்டை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே மேசையில் வைத்து உருக்க வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து. காற்றை உறிஞ்சி அடைத்த வேக்குவம் பொட்டலமாக இருந்தால், உருகுவதற்கு முன்பே பிரித்து ஒரு பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். காற்றில்லாத உறைக்குள் மீன் உருகும்போது பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்பு இருக்கிறது. உருகிய மீனை ஓரிரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

அம்மா செய்வதுபோல உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீர் அலசத் தேவையில்லை. டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி ஈரத்தை எடுத்தால் போதும். விரலால் சதை மீது தடவிப் பாருங்கள். குத்தும் சிறு முட்களை இடுக்கியால் அவை சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் வந்துவிடும்.

மசாலா தடவினால் 15 நிமிடம் போதும். எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அடுப்பில் வைக்கும் முன்பே சதை வெளுத்து இறுகிவிடும். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்துகொள்ளலாம்.

தவாவில் செய்வது எப்படி?

முதல்முறை செய்பவர்கள் இதில் தொடங்கலாம். தோலோடு உள்ள, சுமார் 150 கிராம் துண்டு ஒருவருக்குச் சரியாக இருக்கும். உப்பு, மிளகுத்தூள், விரும்பினால் கொஞ்சம் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவுங்கள். தவாவை மிதமான தீயில் சூடாக்கி ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அட்லாண்டிக் சால்மனில் 100 கிராமுக்கு 13 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருப்பதால் அதுவே எண்ணெய் விடும்.

தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, தோசைக் கரண்டியால் பத்து நொடி லேசாக அழுத்திப் பிடியுங்கள். இல்லையென்றால் தோல் சுருண்டுவிடும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஐந்தாறு நிமிடம் அதைத் தொடாமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்! ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். தோல் மொறுமொறுப்பானதும் தானாக விடும். பக்கவாட்டில் பார்த்தால் கீழிருந்து மேலாக நிறம் வெளுத்துக்கொண்டே வருவது தெரியும். முக்கால் உயரம் வெளுத்ததும் திருப்பிப் போட்டு, ஒன்று அல்லது இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். வஞ்சிரத்தை, திருவனந்தபுரத்துக்காரர்கள் சொல்லும் நெய்மீனை, இரண்டு பக்கமும் முறுகலாக வறுத்துப் பழகிய கை, சால்மனையும் விடாமல் வறுக்கும். விளைவு, காசைக் கொட்டி வாங்கிய மீன் மரத்தூள் போல உதிரும். துண்டின் பக்கங்களில் வெள்ளையாகத் திரண்டு வெளியே வந்தால், அது கெட்டுப்போனதல்ல. அல்புமின் என்ற புரதம், சாப்பிடலாம். ஆனால் நிறைய வழிந்தால் தீ அதிகம், நேரமும் அதிகம் என்பதற்கு அதுவே சாட்சி.

வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? தடிமனான இடத்தில் முள்கரண்டியை விட்டு லேசாகத் திருப்புங்கள். சதை இதழ் இதழாகப் பிரிந்தால் முடிந்தது. சமையல் வெப்பமானி இருந்தால் வேலை இன்னும் எளிது. அமெரிக்க வேளாண் துறை உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும் என்கிறது. இறக்கிய பிறகும் சூடு சற்று ஏறும் என்பதால் இரண்டு நிமிடம் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

அவன் இல்லை, தவாவும் இல்லை என்றால்?

இட்லிப் பானை இருக்கிறதா? போதும். துண்டின் மேல் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு போட்டு, வாட்டிய வாழையிலையில் மடித்து எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். எண்ணெய்ப் புகை கிடையாது, பக்கத்து அறைக்கு மீன் வாசமும் அவ்வளவாகப் போகாது. பிஜியில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சமாதானமான வழி கிடையாது. அதே பொட்டலத்தைத் தோசைக்கல்லில் மூடி வைத்துத் திருப்பி எடுத்தால், கேரளத்தில் கரிமீனுக்குச் செய்யும் 'பொள்ளிச்சது' பாணி வந்துவிடும்.

ஏர் ஃபிரையர் என்றால் 200 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம். அவனில் அதே சூட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். இரண்டுமே இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்கான கணக்கு. மெல்லிய துண்டென்றால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழம்பு வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் குடம்புளி போட்டுக் கொதிக்கவிடும் சிவப்பு மீன் கறிக்குச் சால்மன் சரிவராது என்பது என் கருத்து. அதன் கொழுப்பும் புளிப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அந்தக் குழம்புக்குக் காலாவையே போடுங்கள், விலையும் மிச்சம். சால்மனுக்குப் பொருத்தம் தேங்காய்ப்பால் மோலி.

தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு, இரண்டாம் பால் ஊற்றுங்கள். உப்புப் பார்த்து, கொதி வந்த பிறகே மீனை இறக்க வேண்டும். தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். முதல் பாலையும் தக்காளி வட்டங்களையும் சேர்த்து, கொதிக்கும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்துவிடும். ஆப்பமோ இடியாப்பமோ தொட்டுக்கொள்ள இருந்தால் அன்றைய இரவு உணவு முடிந்தது.

பச்சையாகச் சாப்பிடலாமா?

சுஷி வீடியோ பார்த்துவிட்டு இந்தக் கேள்வி வரும். வீட்டில் வேண்டாம். ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாகச் சாப்பிடத் தொடங்கியது 1980-களில் நார்வே அங்கே நடத்திய விற்பனை முயற்சிக்குப் பிறகுதான். பச்சையாக உண்ணும் மீனை ஒட்டுண்ணிகள் சாக, மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்கிறது. வீட்டு ஃபிரீசர் அந்தக் குளிரை விடாமல் பிடித்துவைக்கும் என்று சொல்ல முடியாது.

ஒமேகா-3க்கு இதுதான் வழியா?

உடம்புக்கு நல்லது என்றுதான் பலரும் சால்மன் பக்கம் போகிறார்கள். நல்லதுதான்: 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், இதயத்துக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். அமெரிக்க இதய சங்கம் வாரம் இரண்டு முறை மீன், குறிப்பாகக் கொழுப்புள்ள மீன், சாப்பிடச் சொல்கிறது. ஆனால் விழிஞ்ஞத்துச் சாளையும் அயிலையும் அதே வகைக் கொழுப்புள்ள மீன்கள்தான். மாதம் ஒருமுறை ஆசைக்குச் சால்மன், மற்ற வாரங்களில் சாளை என்று வைத்துக்கொண்டாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராது. பர்ஸுக்கும்தான்.

மிச்சமானால் என்ன செய்வது?

மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் தீர்த்துவிடுங்கள். அலுவலக மைக்ரோவேவில் மட்டும் சூடாக்காதீர்கள். மீனும் காய்ந்துபோகும், சக ஊழியர்களின் முறைப்பையும் வாங்க வேண்டியிருக்கும். அதைவிட, தோலையும் முள்ளையும் எடுத்து உதிர்த்து, கடுகு, சோம்பு, நிறைய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் தாளித்து, சுறாப்புட்டு செய்வதுபோல இரண்டு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.