ஆனைமலை ரோடு ரயில் நிலையம்

கோயம்புத்தூர் மாவட்டத்தில், பொள்ளாச்சி–பாலக்காடு பாதையில் பொள்ளாச்சிக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடையே உள்ள சிறு நிலையம். தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தைச் சேர்ந்தது. பெயர் ஆனைமலையுடையது என்றாலும் நிலையம் ஊருக்குள் இல்லை. ஆனைமலையில் கோயில்கொண்ட மாசாணியம்மனைக் கும்பிட ரயிலில் வருபவர் இறங்கியபின் சாலை வழியே போக வேண்டும்.

போத்தனூரிலிருந்து 1915இல் பொள்ளாச்சியை எட்டிய இருப்புப்பாதை, 1932இல் பாலக்காடு வரை நீண்டது. சுற்றிலும் தென்னந்தோப்பு, தெற்கே மலைத்தொடர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் இந்த வழி, கொங்குநாட்டின் அழகான ரயில் பயணங்களுள் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

மீட்டர்கேஜ் காலத்தில் இப்பாதையில் இராமேசுவரம் ரயில் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2008இல் நிறுத்தப்பட்ட போக்குவரத்து 2015இல்தான் திரும்பியது. ஏழாண்டு இடைவெளியில் பயணிகள் பேருந்துக்குப் பழகிவிட்டனர்.