ஆர்கன் செய்யும் பிரசங்கம்: லுத்தரன் கோரல் வாசிப்பு குறித்து ஓர் ஆய்வு

1. சபையின் பாட்டு

இறையியலுக்கு அடுத்த இடத்தை இசைக்குத் தந்தவர் மார்ட்டின் லுத்தர். 1524இல் ஜெர்மன் மொழிப் பாட்டுநூல்கள் அச்சேறின. கோரல் எனப்படும் அந்தப் பாட்டுகளைச் சபையார் தாய்மொழியில் பாடிப் பாடி மனப்பாடமாக்கினார்கள். அதனால் ஆர்கன் மெட்டை மட்டும் வாசித்தாலும் கேட்பவர் நெஞ்சில் வரிகள் ஓடின. சொல்லே இல்லாத இசை பிரசங்கமானது இப்படித்தான். தரங்கம்பாடி வழிவந்த சபைகளில் ஞானப்பாட்டு பாடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2. ஆதாமின் வீழ்ச்சி

வைமார் அரண்மனையில் ஆர்கன் வாசித்த காலத்தில் லுத்தரன் இசையமைப்பாளர் பாக், 'ஆர்கன் சிறுநூல்' என்ற தொகுப்பைத் தொடங்கினார். 164 கோரல்களுக்குத் திட்டமிட்டு 46 முன்னிசைகளை முடித்தார். அவற்றுள் ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பு கெட்டதைச் சொல்லும் கோரலின் முன்னிசையை (பாக் படைப்புப் பட்டியலில் 637ஆம் எண்) எடுத்துக்கொள்வோம். பாட்டை இயற்றியவர் லாசரஸ் ஸ்பெங்லர்.

மேல்குரலில் மெட்டு தெளிவாகச் செல்கிறது. காலால் மிதிக்கும் பெடலில் சுரம் சட்டென்று ஏழாம் இடைவெளிக்கு, ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ஆழத்துக்கு, விழுகிறது. சிறு மௌனம். மறுபடி மேலேறி மறுபடி விழுகிறது. நடுக்குரல்களோ அரைச்சுரங்களில் நெளிகின்றன. அந்த நெளிவில் ஏதேனின் பாம்பைக் கண்டோர் பலர். வீழ்ச்சி, சோதனை, சபையின் அறிக்கை மூன்றும் ஒரே பக்கத்தில் கேட்கின்றன. இதைவிடச் செறிவான பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

அந்த மௌனத்தைப் பலர் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். பெடல் சுரங்களை ஒட்டி இழுத்து வாசித்தால் வீழ்ச்சி வெறும் சறுக்கலாகிவிடுகிறது. விழுந்ததும் காலை எடுக்க வேண்டும். அந்த மௌனம் காதில் பட வேண்டும்.

3. எண்ணும் பொருளும்

1739இல் அச்சான பாக்கின் மற்றொரு தொகுப்பில் பத்துக் கட்டளைக் கோரலுக்கு, ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் ஃபியூக் வடிவில், ஒரு சிறு படைப்பு உண்டு. அதன் கருப்பொருள் பத்து முறை நுழைகிறது. எண்ணிக் கேட்பவர் சிலரே. எனினும் வாசிப்பவர் ஒவ்வொரு நுழைவையும் தெளிவாக நிறுத்திக் காட்டுவது கடமை.

4. வாசிப்பவரின் எல்லை

1706இல் ஆர்ன்ஸ்டாட் திருச்சபை அதிகாரிகள் இளம் பாக்கைக் கண்டித்தார்கள். கோரலில் விநோத மாற்றங்களும் அந்நியச் சுரங்களும் கலந்து சபையாரைக் குழப்பினார் என்பது குற்றச்சாட்டு. இதில் நான் அதிகாரிகள் பக்கமே நிற்கிறேன். சபை பாட்டைத் தொலைத்த இடத்தில் எவ்வளவு பெரிய மேதையின் பிரசங்கமும் சென்று சேராது.

ஆர்கன் முன் அமர்வோரே, கட்டைகளைத் தொடுமுன் பாட்டின் எல்லாச் சரணங்களையும் ஒருமுறை வாய்விட்டுப் பாடுங்கள்.