கிழமை சொல்லும் சாட்சி

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த ஊர் மூதூர். மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், இக்குடாவைச் சேர்ந்தது. 1660 ஏப்பிரலில் அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பி, மேற்குக் கரையிலே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் திகதிகளைச் சரிபார்க்கப் புகுவோர் முதலில் திகைப்பர். தந்தை இறந்தது 1660 பெப்ருவரி 9 என்கிறது நூல். ஏப்பிரலிற் சிறைப்பட்டவர் அதே ஆண்டுப் பெப்ருவரியில் இறந்திருத்தல் எங்ஙனம்? நூலிற் பிழையில்லை. அக்கால இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச்சு 25இல். ஆதலால் அவர் குறித்த பெப்ருவரி, இன்றைய கணக்கில் 1661ஆம் ஆண்டினது.

இன்னொரு திகைப்பும் உண்டு. அரிப்பை அடைந்த நாள் 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை என்றார் நொக்ஸ். இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கிக் கணித்தால் அத்திகதி புதன்கிழமையாகிறது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய யூலியன் நாட்காட்டியையே கைக்கொண்டனர். ஒல்லாந்து மாகாணமோ 1583இலேயே கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. 1679இல் இரண்டுக்கும் இடைவெளி பத்து நாள். ஆகவே நொக்ஸின் 18, புதிய கணக்கில் 28. பத்தில் ஒரு வாரம் போக மிஞ்சுவது மூன்று. புதனுக்கு மூன்றாம் நாள் சனி. திகதி வேறாயினும் கிழமை ஒன்றே. 1752இல் இங்கிலாந்து மாறியபோதும் செப்டெம்பர் 2 புதனை அடுத்து வந்தது செப்டெம்பர் 14 வியாழன். பதினொரு திகதிகள் மறைந்தன. வாரத்தின் ஓட்டம் அறுபடவில்லை.

இன்று வணிக நிலையங்களிலே இவ்வேலையைக் கணினி செய்கிறது. பெப்ருவரி 30 என்றால் மறுக்கும். தவணை நாள் ஞாயிற்றில் விழுமா என்று நொடியிற் கூறும். ஆனால் எந்த நாட்காட்டி என்பதை மனிதர் அறிவியாவிடின், நொக்ஸின் சனிக்கிழமையைப் புதனாக்கிவிடும். ஒரே குடாவைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பையும் ஒல்லாந்தக் குறிப்பையும் ஆராயாது இணைப்பின், ஒரு கப்பலின் வருகை இரண்டாகிவிடும். திகதியை மட்டும் நம்பாது கிழமையையும் கேட்பதே வரலாற்றுக்கும் வணிகத்துக்கும் காப்பு.