பத்துச் சில்லு லொறி

யுத்தங்களைப் பற்றிய புத்தகங்களில் தளபதிகள் இருப்பார்கள், வரைபடங்கள் இருக்கும், வரைபடங்களில் அம்புக்குறிகள் நகரும். அந்த அம்புக்குறி எதில் ஏறி நகர்ந்தது என்ற கேள்விக்கு அநேகமாகப் பதில் இராது. 1944 இல் நோர்மண்டிக் கரையிலிருந்து ஜேர்மன் எல்லையை நோக்கிப் போன அமெரிக்க அம்புக்குறி, பெரும்பாலும் ஒரு லொறியில் ஏறித்தான் போனது. ஜி.எம்.சி. கொம்பனியின் இரண்டரைத் தொன் லொறி அது. பிரான்சில் வயதானவர்கள் இன்றும் அதை 'ஜெயெம்சே' என்றே சொல்கிறார்கள்.

எங்களுக்கு இராணுவ லொறி என்றால் ஒரே அர்த்தம்தான். சந்தியில் அதன் இரைச்சல் கேட்டதும் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிய சனம் நாங்கள். அதில் ஏற்றப்பட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஆகவே இதை நான் இரும்பின் மேலுள்ள மோகத்தில் எழுதவில்லை. ஒரு யந்திரத்தின் வரலாறு என்பது அதை ஓட்டியவர்களதும் கழற்றிப் பூட்டியவர்களதும் வரலாறு. அந்த வரலாறு எவருடைய பெயரில் எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

1941 தொடக்கம் 1945 வரை ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமான ஜி.எம்.சி. லொறிகள் கட்டப்பட்டன. மூன்று அச்சு, பின்னால் இரட்டைச் சில்லுகள், மொத்தம் பத்துச் சில்லு, எல்லா அச்சுக்கும் இழுவை. ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், 270 கன அங்குலம். யுத்தம் நீள நீள உருக்கு போதாமற்போக, இரும்புக் கூரைக்குப் பதிலாகக் கன்வஸ் வந்தது, பின்பெட்டி மரப்பலகையானது. எங்கள் ஊர்த் தட்டிவானை நினைத்துக்கொள்ளுங்கள். மரம் உக்கினால் தச்சன் மாற்றுவான், லொறி ஓடும்.

நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னர் பிரான்சின் ரயில் பாதைகளை நேச நாட்டு விமானங்களே குண்டுபோட்டு உடைத்திருந்தன. ஜேர்மனியர் பின்வாங்க, படைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறின. சாமான்களோ கரையில் குவிந்து கிடந்தன. 1944 ஓகஸ்ட் 25 இல் 'றெட் போல் எக்ஸ்பிரஸ்' தொடங்கியது. போவதற்கு ஒரு பாதை, திரும்புவதற்கு ஒரு பாதை, இரண்டிலும் வேறு வாகனங்களுக்கு இடமில்லை. இரவு பகல் பாராமல் நவம்பர் 16 வரை ஓடியது. உச்ச நாளில் ஏறக்குறைய 6,000 வாகனங்கள் 12,000 தொன்னுக்கு மேல் ஏற்றின. மொத்தமாக நான்கு இலட்சம் தொன்னைத் தாண்டியது.

அந்தச் சாரதிகளில் நாலில் மூன்று பங்கினர் கறுப்பர்கள். அமெரிக்கப் படை அப்போது நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பர்களைச் சண்டைக்கு நம்பமாட்டோம் என்ற மனநிலையில், பெரும்பாலானவர்களைச் சுமை ஏற்றவும் றோட்டுப் போடவும் லொறி ஓட்டவும் அனுப்பினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் டாங்கிகள் எண்ணெயின்றி நின்றிருக்கும். 1948 இல்தான் ஜனாதிபதி ட்ரூமன் படையில் பாகுபாட்டை நீக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். 1952 இல் ஹொலிவூட் 'றெட் போல் எக்ஸ்பிரஸ்' என்றே ஒரு படம் எடுத்தது. கதாநாயகனாக ஒரு வெள்ளையர், ஜெஃப் சான்ட்லர். சிட்னி பொய்ற்றியேக்குத் துணைப் பாத்திரம்.

நாங்கள் கோப்பை கழுவுகிற சமையலறைகளிலும் இதே ஏற்பாடுதான். மேசைக்குப் போகும் தட்டில் சமையற்காரனின் பெயர் மட்டும் இருக்கும்.

சரி, லொறிக்கு வருவோம். ஓட்டம் மட்டுமல்ல, பழுதுபார்ப்பும் அந்தப் படையில் ஒரு ஒழுங்கு. பராமரிப்பை ஐந்து படிகளாகப் பிரித்திருந்தார்கள். முதற்படி சாரதி. புறப்பட முன்னும், நிறுத்திய இடத்திலும், வந்து சேர்ந்த பின்னும் தண்ணீர், ஒயில், ரயர், கசிவு எல்லாம் அவன் பார்க்கவேண்டும். அதற்கு மேல் படைப்பிரிவின் மெக்கானிக்குகள், பிறகு நடமாடும் வேலைத்தளங்கள், கடைசிப் படியில் முழு லொறியையும் கழற்றிக் கட்டும் பெரிய தொழிற்சாலை. இதைச் சாதாரண ஆட்களுக்கு விளங்கவைக்க 'ஆமி மோட்டர்ஸ்' என்று ஒரு சஞ்சிகையே வந்தது. அதில் எதையும் கவனிக்காத 'ஜோ டோப்' என்ற சிப்பாயை வரைந்தவர் வில் ஐஸ்னர், பின்னாளில் சித்திரக்கதை உலகின் பெரிய பெயர்.

ஆனால் றெட் போல் ஓட்டத்தில் அந்த ஒழுங்கு உடைந்தது. வேகம் கூடாமல் எஞ்சினில் பூட்டியிருந்த கட்டுப்படுத்தியைச் சாரதிகள் கழற்றி எறிந்தார்கள். இரண்டரைத் தொன் லொறி அதைவிட எவ்வளவோ கூடச் சுமந்தது. சிப்பாய்கள் றோட்டில் எறிந்த சாப்பாட்டுத் தகரங்கள் ரயர்களை வெட்டின. நித்திரையில்லாத மனிதர்களும் கிறீஸ் இல்லாத அச்சுகளும் ஒன்றாகத் தேய்ந்தன.

யுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான லொறிகள் பிரான்சிலேயே தங்கின. பாரிஸுக்குக் கிழக்கே நுய்யி பிளேசான்ஸில், எங்கள் சனம் இன்று குடியிருக்கும் அதே புறநகர் மாவட்டத்தில், 'லா மல்தூர்னே' என்ற இராணுவ வேலைத்தளம் இருந்தது. பல ஆண்டுகளாக ஜீப்புகளையும் ஜி.எம்.சி. லொறிகளையும் அங்கே கடைசிச் சுரை வரை கழற்றிக் கட்டினார்கள். ஒன்றின் எஞ்சின் இன்னொன்றின் சட்டத்துக்குப் போகும். அங்கிருந்து வந்த ஜீப்பில் வில்லிஸ் எது, ஃபோர்ட் எது என்று பிரித்தறிவது கடினம்.

அப்படிப் புதுப்பித்த லொறிகள் எங்கே போயின? பிரான்சை விடுவித்த அதே வகை லொறிதான் இந்தோசீனாவில் குடியேற்ற ஆட்சியைக் காக்க ஓடியது. 1954 ஜூனில் மாங் யாங் கணவாயை நோக்கிப் பின்வாங்கிய பிரெஞ்சுத் தொடரணி வியற்நாமியரால் சிதைக்கப்பட்டபோது, றோட்டில் எரிந்து நின்றவற்றில் இந்த லொறிகளும் இருந்தன. யந்திரத்துக்கு விடுதலையும் தெரியாது, அடக்குமுறையும் தெரியாது. அது ஒயில் கேட்கும், அவ்வளவுதான்.

இராணுவம் கழித்து விட்ட லொறிகளைக் காட்டில் மரம் இழுப்பவர்களும் கார்னிவல்காரர்களும் வாங்கினார்கள். இப்போது சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். நோர்மண்டியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஓடக் காணலாம். அதைப் பேணுவதற்குப் பொறுமை வேண்டும். மின்சாரம் ஆறு வோல்ட். அதே வேலைக்குப் பன்னிரண்டு வோல்ட்டைவிட இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஆகவே மெல்லிய வயரும் துருப்பிடித்த இணைப்பும் ஸ்ரார்ட்டரைச் சாகடித்துவிடும். பற்றரியை மாற்ற முதல் இணைப்புகளைச் சுரண்டிப் பாருங்கள் என்பார்கள். இடப்பக்கச் சில்லுகளின் சுரைகள் இடம்புரி; தெரியாதவன் கழற்றுவதாக நினைத்து இறுக்குவான். கியர் மாற்ற கிளச்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும். நூறு கிலோமீற்றருக்கு முப்பத்தைந்து, நாற்பது லீற்றர் பெற்றோல் குடிக்கும்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு யாழ்ப்பாணம் நினைவு வந்தால் ஆச்சரியமில்லை. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ40 களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக் கரி பிடிக்கும். திரும்பத் திரும்பக் கழற்றித் துடைத்தார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்களும் காயப்பட்டவர்களும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

வரலாறு படிக்கப் பல்கலைக்கழகம் போய், பாதியில் நாட்டைவிட்டு வந்தவன் நான். அங்கே நான் படித்த பக்கங்களில் அரசர்கள் இருந்தார்கள், கவர்னர்கள் இருந்தார்கள், ஒரு மெக்கானிக்கும் இல்லை. கறுப்புச் சாரதிகளின் நினைவுகளை அமெரிக்காவில் தேடிப் பதிவுசெய்யத் தொடங்கியபோது அவர்களில் பலர் முதுமை அடைந்திருந்தார்கள், பலர் இறந்தே போயிருந்தார்கள். எங்களுடைய கராச்சுக்காரருக்கும் இப்போது எழுபது, எண்பது வயது. சிலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்: எந்த வாஷரை எதால் வெட்டினீர்கள், ரியூப்பை எதால் ஒட்டினீர்கள், எத்தனை பேரை ஏற்றினீர்கள். கேட்டதை அவர்களுடைய பெயரோடு எழுதி வையுங்கள்.