மிஸ் அடிக்கும் எஞ்சினும் எங்கட ஊர் வரலாறும்

ஈச்சிலம்பற்றில அப்பப்பாவின்ர வளவில ஒரு மசி பெர்குசன் 35 நிக்குது. அப்பாவைவிட அதுக்கு வயசு கூட. போன பெரும்போகத்துக்கு உழவு தொடங்கின நேரம் அது மிஸ் அடிக்கத் தொடங்கிச்சு. ரெண்டு தரம் ஒழுங்கா அடிக்கும், மூண்டாவது அடி விழாது. வெள்ளைப் புகை வரும். சுமை ஏறினால் அப்பிடியே படுத்திடும்.

விக்கச் சொன்னேன். “இரும்புக் கடைக்குக் குடுக்கவா மனே இவ்வளவு காலம் வச்சிருந்தன்?” எண்டு அப்பப்பா கேட்டார். பிறகு கராச்சில இருந்து பாஸைக் கூட்டிவந்தோம்.

பாஸ் செய்த முதல் வேலை எனக்குப் புதுசு. எஞ்சினை ஓடவிட்டு, நொசிலுக்குப் போற குழாய்களின்ர நட்டை ஒவ்வொண்டாத் தளர்த்தினார். முதலாவதைத் தளர்த்த எஞ்சின் தடுமாறிச்சு. அப்ப அந்தச் சிலிண்டர் வேலை செய்யுது. மூண்டாவதும் அப்பிடித்தான். ரெண்டாவதைத் தளர்த்தியும் சத்தத்தில மாற்றமே இல்லை. வேலை செய்யாத சிலிண்டரை நிப்பாட்டினால் என்ன வித்தியாசம் தெரியப்போகுது? குற்றவாளி பிடிபட்டுட்டான்.

ஆனால் அது ஏன் பழுதானது என்ற கேள்விக்குப் பதில் தேடினால் கதை ஊருக்குள் போகிறது, அங்கிருந்து நாட்டுக்குள் போகிறது.

நம் வயல்களுக்கு எஞ்சின் வந்த கதையில் ஒரு இலங்கையருக்கும் பெரிய பங்குண்டு. ரே விஜேவர்தன (1924–2010) என்ற பொறியியலாளர் 1950களில் வடிவமைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை இங்கிலாந்தின் லான்ட்மாஸ்டர் கம்பனி தயாரித்து விற்றது. இன்று நம் ஆட்கள் எந்தக் கம்பனியின் இரண்டு சில்லு மெசினையும் ‘லான்ட்மாஸ்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். அதே மனிதர் பிற்காலத்தில் தன் கண்டுபிடிப்பையே கேள்வி கேட்டார். எருமை சாணம் தரும், பால் தரும், கன்றும் போடும்; மெசின் இதில் எதையும் தராது, எரிபொருளை மட்டும் கேட்கும். அந்த எரிபொருள் வராத காலத்தில் என்ன நடக்கும் என்பதை நம் ஊர்கள் அனுபவித்தே பார்த்தன.

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சனம் மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1940களின் முடிவில் பெர்குசன் கம்பனியே இப்படி ஓடும் ட்ரக்டர்களைத் தயாரித்தது. ஆனால் அந்த எஞ்சின் அதற்கென்று செய்யப்பட்டது. மற்ற எஞ்சின்களில் பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். மிஸ் அடிப்பது அந்தக் காலத்தின் வழமையான சத்தம்.

எங்கட பக்கம் டீசலுக்குத்தான் தட்டுப்பாடு. அப்பப்பா டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து உழுதிருக்கிறார். எரியிறதுக்கு அது எரியும். ஆனால் இந்த மெசினில் இருக்கிற டீசல் பம்புக்கு வேற ஒயில் கிடையாது, அதுக்குள்ள போற டீசல்தான் அதுக்கு ஒயிலும். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. ஒவ்வொரு போகத்திலும் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

2002 பெப்ரவரியில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் செய்த போர்நிறுத்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பை வாசித்துப் பாருங்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி வாகனங்களை அரசாங்க அதிபர்கள் பதிவு செய்ய வேண்டும். எரிபொருளை வாரக் கணக்கில் மதிப்பிட வேண்டும். நாலு சில்லு ட்ரக்டருக்கு 310 லீற்றர், இரண்டு சில்லு மெசினுக்கு 40, மோட்டார் சைக்கிளுக்கு 7. சமாதானத்தைப் பற்றிய ஆவணத்திலேயே உழவு மெசினுக்கு ஒரு வரி இருக்கிறது. அவ்வளவு தூரம் அது அரசியல் பொருளாகியிருந்தது.

2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு சண்டை மறுபடி தொடங்கியது. வயலுக்குப் போகும் தண்ணீரில் தொடங்கிய சண்டை அது. ஈச்சிலம்பற்று சனம் வெருகலாற்றைத் தாண்டி வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனது. எங்கட மெசின் வளவிலேயே நிண்டிச்சு. 2007இல் திரும்பி வந்தபோது சில்லுக்கு மேலால புல். அரைவாசி வெறுமையா நிண்ட இரும்புத் தாங்கிக்குள்ள ஈரம் கட்டி, துரு பிடிச்சிருந்தது. அப்ப கையில காசில்லை. மேலோட்டமா கழுவி ஓட்டினார்கள்.

பாஸ் தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தபோது அந்தத் துருதான் தண்ணியோடு கொட்டியது. பில்டரையும் தாண்டிப் போன தூள் ரெண்டாவது நொசிலைக் கெடுத்திருந்தது. தூவலாகப் பாயவேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வடிந்தால் சரியாக எரியாது, வெள்ளைப் புகையாகப் போகும். தாங்கியைக் கழுவி, பில்டரையும் நொசிலையும் மாற்றி, குழாயில் பிடித்த எயாரை எடுத்தார். மூண்டு அடியும் ஒழுங்கா விழுந்திச்சு.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. சூடான எஞ்சினை நிப்பாட்டினால் உடனே ஸ்டார்ட் வராது. “பம்ப் தேஞ்சு போச்சு, அது பழைய தேய்மானம்” என்றார் பாஸ். அது மண்ணெண்ணெய்க் காலத்துக் கணக்கு. நொசிலில் இருந்தது இடப்பெயர்வுக் காலத்துக் கணக்கு. ஒரே எஞ்சினில் இரண்டு காலத்தின் பழுது.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் கொதித்தோம். அப்பப்பா மட்டும் பேசாமல் ஒரு கானை எடுத்துக் கழுவி வைத்தார். அவருக்கு அது புதுசு இல்லை.

நம் ஊர்களின் யுத்த வரலாற்றைத் திகதிகளாலும் சண்டைகளாலும் எழுதுகிறோம். அந்த வருசங்களில் எப்படி உழுதார்கள், எதை ஊற்றி ஓட்டினார்கள், பழுதானால் யார் திருத்தினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது தெரிந்தவர்களுக்கு வயசு போகுது. உங்கட வளவிலயும் ஒரு பழைய மெசின் நிண்டால், விக்கிறதுக்கு முதல் அது எப்பிடிப் பழுதானது எண்டு ஒருக்கா கேட்டு எழுதி வையுங்கோ.