நகைச்சுவைத் துணுக்கும் அதன் காவலரும்: ஒரு வரலாற்று நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறுமிடத்து நகையினையே முதலில் வைத்தார். ஆயினும் நம்மிடையே எழுந்த வரலாற்று நூல்களிற் சிரிப்புக்குக் கடைசியிடந்தானும் கிடைப்பது அரிது. மன்னரின் வெற்றிகளுக்கும் கோயில்களுக்கு அளிக்கப்பட்ட நிலங்களுக்கும் கல்வெட்டுகள் உள. ஒரு தலைமுறை எதனைக் கண்டு சிரித்தது என்பதற்குச் சான்று தேடுவோரோ பெரும்பாலும் வெறுங்கையுடனேயே திரும்புவர்.

இன்று பல்கலைக்கழக விடுதி அறையொன்றில் நால்வர் கூடினால், ஐந்து நிமிடங்களுள் ஒருவர் தமது கைத்தொலைபேசியை மற்றவரிடம் நீட்டி, "மச்சான், இதை ஒருக்காப் பார்" என்று கூறுவதைக் காணலாம். நீட்டப்படுவது ஒரு திரைப்படத்தின் நகைச்சுவைக் காட்சியாக இருக்கும். பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் பகுதியாக இருக்கும். அல்லது யாரோ ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்த காட்சியாகவும் இருக்கலாம். இவற்றை அற்பமானவை என ஒதுக்குதல் எளிது. ஆனால், இத்துணுக்குகள் எவ்வாறு தோன்றின, எவரால் அழிக்கப்பட்டன, எவராற் காப்பாற்றப்பட்டன என ஆராயப் புகுவோமாயின், ஒரு சமூகத்தின் பதிவுகளைக் காக்கும் பொறுப்பு உண்மையில் யாரிடம் இருந்து வந்துள்ளது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

அசைபடத்தின் தொடக்கமே ஒரு துணுக்காக அமைந்தமை மனங்கொளத்தக்கது. 1894 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், தோமஸ் எடிசனின் ஆய்வுகூடத்தில், பிரெட் ஒற் என்னும் ஊழியர் மூக்குப்பொடியை உறிஞ்சித் தும்மினார். அக்காட்சியை டிக்சன் என்பார் படமாக்கினார். சுமார் ஐந்து விநாடிகளே நீடிக்கும் அப்படம் இன்றும் எஞ்சியிருப்பதற்குக் காரணம் படச்சுருளன்று. பதிப்புரிமைக்காக அதன் படங்கள் காகிதத்திற் பதிக்கப்பட்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற் சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. அக்காகிதமே அதனைக் காத்தது.

ஒலிப்பதிவின் தொடக்கத்திலும் இத்தகையதொரு செய்தி உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஜோர்ஜ் ஜோன்சன் என்னும் கறுப்பினப் பாடகர், 1890களிற் சிரிப்பையே பல்லவியாகக் கொண்ட பாடலொன்றினாற் பெரும்புகழ் பெற்றார். மெழுகு உருளைகளைப் பெருந்தொகையாகப் படியெடுக்கும் வசதி அக்காலத்தில் இருக்கவில்லை. எனவே, பல ஒலிப்பதிவுக் கருவிகளை முன்னால் வைத்து, ஒரே பாடலை ஒரே சிரிப்புடன் அவர் மீண்டும் மீண்டும் பாடவேண்டியிருந்தது. அப்பாடல்கள் கறுப்பின மக்களையே ஏளனஞ் செய்வனவாக அமைந்தன என்பதும் உண்மை. சிரித்தவர் யார், யாரைப் பார்த்துச் சிரித்தனர் என்னும் வினா, துணுக்கின் வரலாற்றோடு அன்றே ஒட்டிக்கொண்டது.

தொலைக்காட்சியின் காலத்திற்கு வருமிடத்து, நாம் ஒரு விசித்திரமான அழிவினைச் சந்திக்கின்றோம். 1956 இல் அம்பெக்ஸ் நிறுவனம் ஒளிப்பதிவு நாடாவினை அறிமுகஞ் செய்தது. அந்நாடா விலையுயர்ந்தது, ஆனால், பதிந்ததை அழித்து மீண்டும் பதிய இடங்கொடுப்பது. அக்குணமே பிரித்தானிய நகைச்சுவைக்கு எமனாயிற்று. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1960களிலும் 1970களிலும் தனது நாடாக்கள் பலவற்றை அழித்து மீளப் பயன்படுத்தியது. இதற்குக் கூறப்பட்ட காரணங்கள் நியாயமற்றவை என்று சொல்ல முடியாது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வர்ண ஒளிபரப்பு 1967 இல் தொடங்கியதும், கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை எவரும் இனி விரும்பார் எனக் கருதப்பட்டது. களஞ்சியத்தில் இடமும் போதவில்லை. ஒவ்வொரு காரணமும் அலுவலக மேசையொன்றில் அமர்ந்திருந்து நோக்குமிடத்து முற்றிலும் பொருத்தமானதே. அவை யாவும் சேர்ந்து விளைவித்ததோ பேரழிவு.

பீற்றர் குக், டட்லி மூர் ஆகிய இருவரும் 1965 முதல் 1970 வரை நடத்திய 'நொட் ஒன்லி பட் ஓல்ஸோ' என்னும் நிகழ்ச்சியின் பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது. புதிய நாடாக்களின் விலையைத் தாமே தருவதாகக் குக் கேட்டும் கூட்டுத்தாபனம் இணங்கவில்லை எனக் கூறப்படுகின்றது. முதியோரைக் கொண்ட ஊர்க்காவற் படையொன்றின் கதையாகிய 'டாட்ஸ் ஆர்மி' தொடரில், 1969 இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தின் ஆறு அங்கங்களுள் ஐந்து காணாமற் போயின. அவற்றுள் இரண்டு 2001 இல் மீண்டும் வெளிப்பட்டன. அவை கூட்டுத்தாபனத்தின் களஞ்சியத்திலிருந்து வரவில்லை. தனியார் ஒருவர் குப்பைக்குப் போகவிருந்த படச்சுருள்களை எடுத்துவைத்திருந்தமையாற் பிழைத்தவை. எஞ்சிய மூன்றும் இன்றுவரை கிடைத்தில. 2019 இல் வேறு நடிகர்களைக் கொண்டு அவற்றை மீள நடித்து ஒளிபரப்பினர். அழிந்த ஓலைச்சுவடிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை எழுதி வைத்தது போன்ற செயல் அது. ஆயினும் முயற்சியைக் குறைகூற மனம் வரவில்லை.

தனியார் தொலைக்காட்சியின் நிலைமையும் இதுவே. பின்னாளில் மொன்ரி பைதன் குழுவில் இடம்பெற்ற ஜோன் கிளீஸ், கிரகாம் சப்மன் ஆகியோர் பங்குகொண்ட 1967 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றின் பகுதிகள் சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சியிடமிருந்து மீட்கப்பட்டன. வேறு இரு அங்கங்கள் அதன் தயாரிப்பாளர் டேவிட் புரொஸ்ற் விட்டுச்சென்ற சேகரிப்பிலிருந்து 2014 இல் வெளிவந்தன. 1978 அளவிலேயே பி. பி. சி. அழிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு முறையான காப்பகக் கொள்கையொன்றினை வகுத்தது. இவ்வாறு நோக்குமிடத்து, உரிமையாளன் அழித்ததை உரிமையற்றவன் காத்தான் என்னும் முடிவுக்கு வருதல் தவிர்க்க இயலாததாகின்றது.

உரிமையற்றவன் கையிற் கருவி வந்தது 1970களின் பிற்பகுதியிலாகும். சொனி நிறுவனத்தின் பீற்றாமக்ஸ் 1975 இலும், அதற்குப் போட்டியாக எழுந்த வீ. எச். எஸ். 1976 இலும் வெளிவந்தன. திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் நிகழ்ச்சியைப் பதிந்துகொள்ளுதல் குற்றமன்று என 1984 சனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஐவர் ஒருபக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நின்ற தீர்ப்பு அது. ஒரு நீதியரசர் மறுபுறம் சாய்ந்திருப்பின் இவ்வரலாறு வேறாக அமைந்திருக்கும்.

சாதாரண மக்களே துணுக்கினை ஆக்குவோராகவும் மாறினர். யப்பானிய நகைச்சுவை நிகழ்ச்சியொன்று பார்வையாளர் அனுப்பிய வீட்டுப் பதிவுகளை ஒளிபரப்பியது. அதனைப் பின்பற்றி 1989 இல் அமெரிக்காவில் எழுந்த நிகழ்ச்சி, வாரந்தோறும் சிறந்த பதிவுக்குப் பத்தாயிரம் டொலர் பரிசளித்தது. கீழே விழுதலுக்கு விலை குறிக்கப்பட்ட காலம் அது; அதைப்பற்றி இதற்கு மேற் கூற யாதுமில்லை.

யூரியூப் தளத்தின் முதற் காணொளி 2005 ஏப்பிரல் 23 இல் ஏற்றப்பட்டது. அவ்வாண்டு திசெம்பரில் 'சற்றர்டே நைற் லைவ்' நிகழ்ச்சியில் வந்த இரண்டரை நிமிடப் பாடற் கேலியொன்றினை இரசிகர்கள் அத்தளத்தில் ஏற்றினர், இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். 2006 பெப்ரவரியில் அதனை அகற்றுமாறு என். பி. சி. நிறுவனம் கோரியது. அதே நிறுவனம் சில மாதங்களுள் அதே தளத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வாண்டின் ஒக்ரோபரில் கூகிள் யூரியூப்பை 165 கோடி டொலருக்கு வாங்க இணங்கியது. இரசிகர்கள் கூலியின்றிச் சுமந்த துணுக்குகள் அவ்விலையில் எவ்வளவுக்குப் பங்களித்தன என எவரும் கணக்கிடவில்லை. வயகொம் நிறுவனம் 2007 இல் நூறு கோடி டொலர் நட்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கு 2014 இல் இணக்கமாக முடிந்தது. மொன்ரி பைதன் குழுவினர் வேறு வழியை நாடினர். 2008 நவம்பரில் அவர்கள் தமது காட்சிகளைத் தாமே இலவசமாக ஏற்றியதும், அவர்களுடைய இறுவட்டுகளின் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது. கள்ளனோடு சண்டையிடுவதிலும் கதவைத் திறந்துவைத்தல் இலாபமெனக் கண்டவர்கள் நகைச்சுவையாளரே என்பது வியப்பன்று.

இனித் தமிழுலகை நோக்குவோம். தமிழ்த் திரைப்படத்தின் நகைச்சுவைப் பகுதி தொடக்கத்திலிருந்தே கதையினின்றும் கழற்றியெடுக்கத்தக்கதாக அமைந்துள்ளது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தமக்கென ஒரு குழுவினை வைத்து, நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துப் படங்களிற் சேர்த்தார். விமரிசகர் பலர் இதனைத் தமிழ்ப்படத்தின் குறைபாடெனக் கூறுவர். கதைக்கோப்பு என்ற அளவில் அது சரியே. ஆனால், கழற்றத்தக்கது என்பதனாலேயே அது நெடுந்தூரம் பயணஞ் செய்தது. 'திருவிளையாடல்' (1965) படத்தில் நாகேஷ் தருமியாகத் தோன்றும் பகுதி, கதைவசன இசைத்தட்டு மூலம் கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளில் ஏறியது. படத்தைப் பார்க்காதவரும் அதனை மனனஞ் செய்தனர். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்தை வைத்து நடத்திய வாதத்தை அறியாத தமிழரைக் காண்பது அரிது. துணுக்கு என்னும் வடிவம் நமக்கு இணையத்தாற் கிடைத்ததன்று. இணையம் வருமுன்னரே நாம் அதற்குப் பழகியிருந்தோம்.

இதற்குச் சிறந்த சான்று 2019 மே மாத இறுதியில் நிகழ்ந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பொறியியல் முகநூற் பக்கமொன்று சுத்தியலொன்றின் படத்தையிட்டு, இக்கருவிக்கு உங்கள் நாட்டிற் பெயர் யாது என வினவியது. தமிழர் ஒருவர் பெயரைக் கூறியதோடு, ஒப்பந்தகாரர் நேசமணியின் தலையை உடைத்தது இதுவே என்றும் எழுதினார். நேசமணி என்பது 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம். விவரமறியாத ஒருவர் அவரது உடல்நலத்தை விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்னும் தொடர் உலகளாவிய தலைப்புகளுள் முன்னணிக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்திய காட்சியொன்றை அத்தனை பேரும் ஒரே விநாடியில் நினைவுகூர்ந்தமையே இங்கு நோக்கற்பாலது.

ஈழத்துத் தமிழருக்கு அந்நாள்கள் சாதாரணமானவையல்ல. அவ்வாண்டு ஏப்பிரல் 21 இல் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் அரசு சமூக ஊடகங்களை முடக்கியிருந்தது. மாத இறுதியில் தடை நீங்கியது. மே நடுப்பகுதியில் மீண்டும் விதிக்கப்பட்டது. அப்போது பாடசாலை மாணவராக இருந்த நாம், புத்தகப்பைகளைச் சோதனைக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தோம். அந்நிலையில் வந்த நேசமணிக்கு நாம் சிரித்த சிரிப்பு, நகைச்சுவையின் தரத்திற்கு மிஞ்சியது என்பதை இன்று உணர முடிகின்றது. வடிவேலுவின் காட்சிகளிற் பல, அடிவாங்கும் ஏழையையும் கறுத்த மேனியையும் நகைப்புக்குரியனவாக்குகின்றன என்பதும் மறுக்கற்பாலதன்று. ஜோர்ஜ் ஜோன்சனின் மெழுகு உருளைகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன.

நமது சொந்த நகைச்சுவையின் நிலை யாது? இலங்கை வானொலியில் வந்த தொடரொன்று 'கோமாளிகள்' என்னும் பெயரில் 1976 இல் திரைப்படமாகுமளவிற்குப் புகழ் பெற்றது. எஸ். ராம்தாஸ் 'மரிக்கார்' என்றும், செல்வசேகரன் 'உபாலி' என்றும் தாம் ஏற்ற பாத்திரங்களின் பெயராலேயே அழைக்கப்பட்டனர். கே. எஸ். பாலச்சந்திரன் தனியொருவராக நடித்த 'அண்ணை றைற்' மேடையிலும் வானொலியிலும் ஒலிநாடாவிலும் ஓடியது. யாழ்ப்பாணத்துப் பேருந்து நடத்துநர் ஒருவரின் பேச்சு மொழி, பயணிகளின் வகைகள், அக்கால வீதிகளின் நெரிசல் ஆகியவற்றை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அது ஒரு மூலாதாரம் எனலாம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்த நூல்களுக்காக நாம் இன்றும் துயருறுகின்றோம், அது தக்கதே. நாடாக்களின் அழிவுக்கோ நாளும் இல்லை, கணக்கும் இல்லை. 1990 முதல் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்தது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தமையால், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலி கேட்டனர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில், கையிற் கொண்டுபோகத்தக்கதை மட்டும் கொண்டுபோயினர். அரிசியும் அடையாள அட்டையும் சென்ற பையில் ஒலிநாடாவுக்கு இடமிருக்கவில்லை.

எமது குடும்பத்திலும் அவ்வாறு ஒன்று போயிற்று. எமது ஊர் மக்கள் 1980களில் மேடையேற்றிய நகைச்சுவை நாடகமொன்றைப் பெரியப்பா ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். வீடு திரும்பியபோது கூரையும் இல்லை. நாடா இருந்த பிஸ்கற் தகரமும் இல்லை. சென்ற ஆண்டு, கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் எவரிடமோ பெற்ற பிரதியொன்றினைக் குடும்ப வட்ஸப் குழுவிற் பகிர்ந்தார். பதினொரு நிமிடங்களே எஞ்சியுள்ளன. நடிகரின் குரலிலும் சபையோரின் சிரிப்பே மிகுதியாகக் கேட்கின்றது. அச்சிரிப்புகளுள் ஒன்று தமது தமையனாருடையது என்று அம்மம்மா உறுதியாகக் கூறுகின்றார். நாடகம் நடுவில் அறுந்து நிற்பதால், விதானையார் ஈற்றில் அகப்பட்டாரா, தப்பினாரா என்பதில் பெரியப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்னும் வாதம் நடக்கின்றது.