அறிவுரை என்னும் ஆட்சி

கிரியான் ஆற்றின் ஒரு கரையில் பாரிட் புந்தார். அது பேராக்கைச் சேர்ந்தது. எதிர்க்கரையிலுள்ள பண்டார் பாரு கெடாவைச் சேர்ந்தது. சற்று அப்பால் நிபோங் திபால். அது பினாங்கு ஆட்சிக்குட்பட்ட செபராங் பிறையைச் சேர்ந்தது. 1909க்குப் பின் இம்மூன்று ஊர்களும் ஆங்கிலேயர் ஆதிக்கத்திலேயே இருந்தன. ஆயினும் மூன்றிலும் நடந்தது ஒரே ஆட்சியன்று.

நிபோங் திபாலை ஆண்டது நேரடியாகப் பிரிட்டிஷ் முடியே. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை 1826இல் நீரிணைக் குடியேற்றங்கள் என இணைக்கப்பட்டு, 1867இல் முடியாட்சிக் குடியேற்றமாயின. அங்குச் சுல்தானும் இல்லை; உடன்படிக்கையும் இல்லை; ஆளுநர் ஆண்டார்.

பேராக்கின் கதை வேறு. 1874 ஜனவரி 20ஆம் நாள் கையொப்பமான பாங்கோர் உடன்படிக்கை, அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றது. அதற்கு ஈடாக, மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்ற அனைத்திலும் ரெசிடெண்டின் அறிவுரையைக் கேட்டு அதன்படியே நடக்க வேண்டும் என விதித்தது. கேட்டே தீர வேண்டியதை அறிவுரை என்று பெயரிட்டழைத்த திறத்தை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். ரெசிடெண்டு என்னும் பதவிப்பெயர் இந்தியச் சமஸ்தானங்களில் முன்னரே வழங்கியதுதான்.

முதல் ரெசிடெண்டு பர்ச் அவசரக்காரர். பெருமக்களின் வரி உரிமையைப் பறித்தார்; தப்பியோடி வந்த கடனடிமைகளுக்குப் புகலிடம் தந்தார். பின்னது அறச்செயலே, ஆனால் இரண்டும் ஒருசேர வந்தபோது பெருமக்கள் பொறுக்கவில்லை. 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா செஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். 1877இல் பொறுப்பேற்ற ஹியூ லோ பெருமக்களுக்கு வருவாயில் பங்கும் பதவியும் அளித்து, மாநில மன்றத்தில் அமர்த்தி, அதே அதிகாரத்தை அமைதியாகச் செலுத்தினார். 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் கூட்டரசாயின. அதிகாரம் கோலாலம்பூருக்கு நகர்ந்தது. 1903ஆம் ஆண்டு மன்னர் மாநாட்டில் சுல்தான் இட்ரிஸ் இதனை வெளிப்படையாகவே குறை கூறினார்.

1909இல் சயாமிடமிருந்து பெறப்பட்ட கெடா, கூட்டரசில் சேரவில்லை. ஆங்கில ஆலோசகர் இருப்பினும் மலாய் அலுவலரும் மலாய்மொழியும் அங்கு நிலைத்தனர். ஜொகூரோ இன்னும் வியப்பானது. சுல்தான் அபு பக்கார்மீது இலண்டனில் ஒரு பெண் திருமண வாக்குறுதியை மீறியதாக வழக்குத் தொடுத்தபோது, அவர் தன்னாட்சி மன்னர் எனக் குடியேற்ற அமைச்சகமே சான்றளித்தது. 1894இல் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. இருபது ஆண்டுகளில் அதே ஜொகூர் பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதா? இல்லை, தோட்டத்துத் தமிழரின் தொட்டில்வரை சென்றது. நிபோங் திபாலில் பிறந்த குழந்தை பிறந்த மண்ணாலேயே பிரிட்டிஷ் குடியாயிற்று. பாரிட் புந்தார் மண் அவ்வுரிமையைத் தரவில்லை. 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையிலும் இக்கோடு அழியவில்லை. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்த பிரிட்டிஷ் குடி, நிலையாக இங்கு வாழ்ந்தால் குடியுரிமை பெற்றார். மலாய் மாநிலத்தில் பிறந்த பிரிட்டிஷ் குடியோ, தம் தந்தையும் கூட்டரசு மண்ணில் பிறந்தவர் என்றோ, இங்கு 15 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர் என்றோ காட்ட வேண்டியிருந்தது.